எழுத்தை அல்ல, தரவை ஒப்பிடுவோம்

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் பயிலும் மாணவர், திரையில் விடை வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார். அந்த விடையைச் சரிபார்க்கும் சிறு சோதனை நிரலையும் எழுதப் பழக்கலாம். பைத்தானுடனேயே வரும் 'யூனிட்டெஸ்ட்' வசதி இதற்குப் போதும்.

மதிப்பெண் விவரத்தை ஜேசான் வடிவில் தரும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் விடையில் பெயர் முதலிலும் மதிப்பெண் அடுத்தும் உள்ளன. நிரல் தந்ததில் மதிப்பெண் முதலில் வந்திருக்கிறது. இரண்டையும் சரங்களாக ஒப்பிட்டால் சோதனை தோற்கும். ஆனால் தரவில் பிழையே இல்லை. வீண் எச்சரிக்கை தொடர்ந்தால், உண்மைப் பிழை வரும்போதும் மாணவர் அதைப் பொருட்படுத்த மாட்டார்.

எனவே 'ஜேசான்.லோட்ஸ்' கொண்டு அதை டிக்ஷனரியாக மாற்றியபின் ஒப்பிட வேண்டும். டிக்ஷனரிகளை ஒப்பிடும்போது திறவுகோல்களின் வரிசை கணக்கில் வராது. லிஸ்டில் வரிசை முக்கியம். தரவரிசைப் பட்டியலில் இடம் மாறினால் அது பிழைதான்.

தரவு வகையையும் கவனிக்கச் சொல்வோம். 85 என்பது எண். மேற்கோள் குறிக்குள் இருந்தால் சரம். மதிப்பெண்களைச் சரங்களாக இறங்குவரிசையில் அடுக்கினால், 100 பெற்றவர் 85 பெற்றவருக்குக் கீழே போய்விடுவார்.

வகுப்பில் மூன்று இணைகளைக் கரும்பலகையில் எழுதுவோம்: திறவுகோல் வரிசை மாறியது, லிஸ்ட் வரிசை மாறியது, எண் சரமானது. எவை சமம் என மாணவர் முதலில் காரணத்துடன் கூறட்டும்; பின்னர் கணினியில் இயக்கிப் பார்க்கட்டும்.