மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பழைய கைக்கடிகாரம் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். டயல் புத்தம்புதிதாக மின்னினால் கையை எடுத்துவிடுங்கள். ஐம்பது வருஷம் வியர்வை பட்ட வாட்ச், அதிலும் நம் மெட்ராஸின் உப்புக் காற்றில் கிடந்த வாட்ச், ஓரத்திலாவது பழுத்திருக்கும். பழுக்கவில்லை என்றால் யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. ரிடையர் ஆனதும் கையில் கொஞ்சம் பணம் இருந்தது, உங்களுக்கும் இருக்கும். ஃபேவர் லூபா 'சீ சீஃப்' ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்தது. 1737-ல் தொடங்கிய சுவிஸ் கம்பெனி, பம்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கடை போட்டவர்கள். நம் அப்பாக்கள் காலத்தில் மாப்பிள்ளை கையில் அது இருந்தால் தனி மரியாதை. விற்றவர், "எங்க தாத்தா கட்டினது, வேற கை படலை" என்றார். விலை ஒன்பதாயிரம்.

உள்ளே இருக்கும் மிஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். கேட்காமல் வாங்கினேன் என்று யாரும் சொல்ல முடியாது. "மூடியைத் திறந்தா வாட்டர்ப்ரூஃப் போயிடும் சார்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் ஒன்பதாயிரம் கொடுத்தேன். நல்ல ரிப்பேர்க்காரர் ஒரு நிமிஷத்தில் திறந்து, ஒரு நிமிஷத்தில் மூடிவிடுவார். வாட்டர்ப்ரூஃபைக் காப்பது ஒரு ரப்பர் வளையம், அதையும் மாற்றிக்கொள்ளலாம். பல வருஷம் ஆன வாட்சில் அது எப்படியும் காய்ந்து போயிருக்கும். திறக்க மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது.

வாட்ச் வந்தது, தினமும் பின்தங்கியது. பழவந்தாங்கலில் ரயிலேறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையில் சாவி கொடுக்கிற வாட்சுகளை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தவர் உடனே நிமிர்ந்தார். "சார், பாடி ஒண்ணு, மிஷின் ஒண்ணு. இது ஹெச்.எம்.டி. மிஷின்." லென்ஸை என்னிடமே கொடுத்தார். மிஷினில் ஹெச்.எம்.டி. என்று பொறித்திருந்தது. அது ஆடாமல் நிற்கச் சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் வளையம். டயல் எழுத்துகள் மை ஊறிய மாதிரி உப்பியிருந்தன. அடியில் இருக்க வேண்டிய 'ஸ்விஸ் மேட்' ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

விற்றவரைக் கூப்பிட்டேன். "படத்துல இருந்ததைத்தானே அனுப்பினேன்?" என்றார். அதன்பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

ஹெச்.எம்.டி. மிஷினை நான் குறை சொல்லவில்லை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்த தொழிற்சாலை அது. 'ஜனதா', 'பைலட்' இரண்டிலும் 17 கல், எத்தனையோ குடும்பங்களுக்கு உழைத்த மிஷின். பாகங்கள் எளிதில் கிடைப்பதால்தான் அது இந்த மோசடிக்காரர்களுக்கும் வசதியாகிவிட்டது. 2016-ல் அந்தக் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அப்புறம் ஆசைப்படுகிறவர்கள் பெருகினார்கள், கூடவே கம்பெனி கண்டிராத டயல்களும் பெருகின.

கிளாஸ், ஸ்ட்ராப் மாறியிருந்தால் பொருட்படுத்தாதீர்கள், அவை தேய்கிற சாமான்கள். டயலில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழல வேண்டும். நிமிஷ முள் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றால் அது வேறு வாட்சின் முள். அறுபதுகளுக்குப் பிந்தைய, இருட்டில் ஒளிரும் சுவிஸ் டயல்கள் பலவற்றில் 'ஸ்விஸ் மேட்' என்பதன் இரு பக்கமும் 'டி' எழுத்து இருக்கும், டிரிடியம் பூசியதற்கான அடையாளம் அது. மறுபெயின்ட் அடிப்பவர்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. அதற்கும் முந்தைய வாட்சுகளின் ஒளிப்பூச்சில் ரேடியம் இருக்கலாம், நகத்தால் சுரண்டாதீர்கள். சர்வீஸ் செலவை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

என் மைத்துனர், "அந்தக் காசுக்குப் புது டைட்டனே வாங்கியிருக்கலாமே அத்திம்பேர்" என்று இன்றைக்கும் சொல்கிறார். டாடாவும் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் செய்த நல்ல வாட்ச்தான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் சாவி கொடுத்தவுடன் காதோரம் கேட்கிற அந்தச் சத்தம் பேட்டரி வாட்சில் இல்லை. அதன்பின் நான் வாங்கிய ஜனதா, பெரியவர் கண்ணெதிரே திறந்து பார்த்து வாங்கியது. இப்போது கையில் அதுதான். அதைப் பார்த்தபின் மைத்துனரும் அவர் அப்பாவின் வாட்சை பீரோவிலிருந்து எடுத்து சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதால்தான் எனக்கு விற்ற ஆள் அதே பெயரில் இன்றும் விற்கிறார். விளம்பரப் படம், பேசிய செய்திகள், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.