ஆளுமையின் மறுபாதி

நுழையும்முன்

கதைமாந்தரை நல்லவர், தீயவர் எனப் பிரிப்பது எளிது. அவர் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறார் என்று வினவும்போதுதான் திறனாய்வு தொடங்குகிறது. அவ்வினாவுக்கு விடை காண உளவியல் துணைபுரியும். உளவியலறிஞர் யுங் வகுத்த ஆளுமை வகைகளின் துணையுடன், புகழ்பெற்ற தொலைக்காட்சிக் கதைமாந்தர் ஒருவரை ஆராய்கிறது இப்பாடம்.

யுங் கண்ட வகைகள்

சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) மனநல மருத்துவர். சிக்மண்ட் பிராய்டுடன் சில ஆண்டுகள் இணைந்து பணியாற்றியவர். பின்னர்க் கருத்து வேறுபாட்டால் பிரிந்து தமக்கெனத் தனிநெறி கண்டவர். 1921ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளியான 'உளவியல் வகைகள்' என்னும் நூலில் மனித ஆளுமையை அவர் இரு நிலைகளில் பகுத்தார்.

முதலாவது, உள்ளம் நாடும் திசை. புறவுலகையும் பிற மனிதரையும் நாடி ஊக்கம் பெறுவோர் புறமுகத்தினர்; தம் அகவுலகை நாடி ஊக்கம் பெறுவோர் அகமுகத்தினர். இரண்டாவது, உள்ளத்தின் இயக்கம். புலனறிவு ஒரு பொருள் உள்ளது எனக் காட்டுகிறது. சிந்தனை அஃது யாது என ஆராய்கிறது. உணர்வு அதன் மதிப்பு யாது எனத் தீர்மானிக்கிறது. உள்ளுணர்வு அஃது எங்கிருந்து வந்தது, எங்கே செல்லும் என உய்த்துணர்கிறது. நான்கு இயக்கங்களும் இரு திசைகளும் சேர எட்டு வகைகள் அமைகின்றன.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். யுங் குறிப்பிடும் 'உணர்வு' என்பது அழுகை, சினம் முதலிய மனவெழுச்சி அன்று. இது போற்றத்தக்கது, இது தகாதது என மதிப்பிடும் ஆற்றலே அது. ஆகவே, சிந்தனையைப் போலவே உணர்வும் பகுத்தறியும் இயக்கம் என்பது அவர் கருத்து.

ஸ்பாக் என்னும் கதைமாந்தர்

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அறிவியல் புனைவுத் தொடர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பானது. என்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தின் அறிவியல் அலுவலர் ஸ்பாக். அவர் தந்தை வல்கன் என்னும் வேற்றுக்கோளினர்; தாய் புவியைச் சேர்ந்த மானுடப் பெண். மனவெழுச்சிகளை அடக்கித் தருக்க நெறியில் வாழ்வதே வல்கன் மரபு. ஸ்பாக் அம்மரபையே தம் வாழ்நெறியாகக் கொண்டவர்.

சிந்தனையே அவரிடம் முதன்மை இயக்கம் என்பதில் ஐயமில்லை. அச்சிந்தனை எத்திசையது என்பதே வினா. புறவுலகின் உண்மைகளைத் திரட்டி முடிவு காண்பது புறமுகச் சிந்தனை. உள்ளத்தே அமைந்த கருத்துநெறியை அளவுகோலாகக் கொள்வது அகமுகச் சிந்தனை. முன்னதற்கு டார்வினையும் பின்னதற்குக் காண்ட்டையும் யுங் சான்று காட்டுவார். கருவிகள் தரும் தரவுகளை ஓயாமல் ஆராய்வதால் ஸ்பாக்கைப் புறமுகத்தினர் எனலாம். எனினும், அவர் பிறர் உடன்பாட்டை நாடுவதில்லை. அகத்தே பேணும் தருக்க நெறி ஒன்றே அவருக்கு அளவுகோல். எனவே, அவரை அகமுகச் சிந்தனையாளர் என்பதே பொருந்தும்.

பின்தங்கிய இயக்கம்

ஓர் இயக்கம் மிக ஓங்கி வளரும்போது, அதற்கு எதிரான இயக்கம் வளர்ச்சி குன்றி நனவிலி மனத்தில் தங்கிவிடுகிறது என்கிறார் யுங். சிந்தனை ஓங்கியவரிடம் பின்தங்குவது உணர்வே. இக்கருத்துக்கு விளக்கமாக அமைகிறது, 1967 ஜனவரியில் ஒளிபரப்பான 'கலிலியோ எழுவர்' என்னும் பகுதி.

ஸ்பாக்கின் தலைமையில் சிறு விண்ணூர்தியில் சென்ற எழுவர், அறியாத கோள் ஒன்றில் சிக்கிக்கொள்கின்றனர். பேருருவ உயிரினங்கள் ஒருவரைக் கொன்றுவிடுகின்றன. இறந்தவரை முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் எனத் தோழர்கள் வேண்டுகின்றனர். ஸ்பாக்குக்கோ அது காலவிரயமாகத் தோன்றுகிறது. ஆயுத வலிமையைக் காட்டினால் அவ்வுயிரினங்கள் அஞ்சி விலகும் எனவும் அவர் கணிக்கிறார். அவை அஞ்சவில்லை, சினந்து தாக்குகின்றன. மேலும் ஓர் உயிர் பறிபோகிறது. கணக்கில் பிழையில்லை, ஆனால், சினம் என்னும் ஒன்று அக்கணக்கில் இடம்பெறவே இல்லை. மருத்துவர் மெக்காய் அதனை அவருக்கு எடுத்துரைக்கிறார்.

பின்னர்ப் பாறைக்கிடையே சிக்கிய ஸ்பாக், தம்மை விட்டுவிட்டுப் புறப்படுமாறு ஆணையிடுகிறார். தோழர்களோ ஆணையை மீறி அவரை மீட்கின்றனர். அவரது கணக்கு ஓர் உயிரைக் கழித்தது. அவர்களது உணர்வு அதே உயிரை மதித்தது. இறுதியில் விண்ணூர்தி சிறிது நேரமே தாங்கும் என்னும் நிலை. எஞ்சிய எரிபொருள் முழுவதையும் வெளியேற்றி எரியவிடுகிறார் ஸ்பாக். எவரேனும் காண்பர் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. அச்சுடரைக் கண்ட என்டர்பிரைஸ் எஞ்சிய ஐவரையும் காக்கிறது. அதுவும் தருக்கமுடிவே என அவர் விளக்கும்போது உடனிருப்போர் சிரிக்கின்றனர்.

அடக்கப்பட்டது அழிவதில்லை என்பதற்கும் இத்தொடரிலேயே சான்றுண்டு. 1966 செப்டம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், மனக்கட்டுப்பாட்டைக் குலைக்கும் நோய் கலத்தில் பரவுகிறது. தனியறையில் கண்ணீர் விடுகிறார் ஸ்பாக். தம் தாயிடம் அன்பை ஒருமுறையேனும் சொல்ல இயலாமற் போனதை எண்ணிக் கலங்குகிறார். அத்தருணத்தில்தான் அவர் ஒரு வகையின் மாதிரியாக இல்லாமல் உயிருள்ள மாந்தராகிறார்.

வகையும் மனிதரும்

யுங்கின் கருத்தை விரித்து, அமெரிக்காவின் காதரின் பிரிக்ஸும் அவர்தம் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் 16 ஆளுமை வகைகளை வகுத்தனர். இன்று அவ்வகைகள் உலகெங்கும் பரவியுள்ளன. ஆயின், தற்கால உளவியலார் பலர் ஆளுமையைத் தனித்தனிப் பெட்டிகளாகக் காண்பதில்லை. கூடியும் குறைந்தும் அமையும் பண்புகளாகவே காண்கின்றனர். மிகுதியானோர் இரு முனைகளுக்கும் இடைப்பட்டே நிற்கின்றனர்.

"நான் அகமுகத்தினன், மேடையில் பேச என்னால் ஆகாது" என ஒரு மாணவர் கருதினால், தம்மை அறிய உதவ வேண்டிய வகைப்பாடு அவரைத் தடுக்கும் சுவராகிவிடும். நமது வலிமை எது என்பதோடு, நம்முள் வளராது நிற்பது எது என்பதையும் காட்டுவதே யுங் கொள்கையின் பயன். ஸ்பாக்குக்கு மெக்காய் தேவைப்பட்டது போலவே நமக்கும் நம்மினின்று வேறுபட்டோரின் நட்பு தேவை. அந்நட்பில்தான் ஆளுமையின் மறுபாதி வளர்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஸ்பாக்காக நடித்தவர் லியோனார்ட் நிமாய். 1975இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு 'நான் ஸ்பாக் அல்லன்' எனவும், 1995இல் வெளியான மற்றொரு நூலுக்கு 'நான் ஸ்பாக்' எனவும் பொருள்படும் பெயர்களைச் சூட்டினார்.

கற்பவை கற்றபின்...

1. 'உணர்வு', 'மனவெழுச்சி' ஆகியவற்றை யுங் வேறுபடுத்தும் முறையைச் சான்றுடன் விளக்குக.
2. ஸ்பாக் புறமுகச் சிந்தனையாளரே என்னும் தலைப்பில் மறுத்து வாதிடுக.
3. நீங்கள் படித்த சிறுகதை ஒன்றின் முதன்மை மாந்தரைத் தேர்ந்து, அவரிடம் ஓங்கிய இயக்கத்தையும் பின்தங்கிய இயக்கத்தையும் கதை நிகழ்வுகள் கொண்டு எழுதுக.