பீரும் சரக்குதான்!

நம்பிக்கை: "18 வயசுல ஓட்டுப் போடலாம், குடிக்க மட்டும் கூடாதா?"

நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் நம் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே வயதை வைக்கவில்லை. ஆணுக்குத் திருமண வயது 21, எம்.எல்.ஏ. பதவிக்கு நிற்க 25. இந்த வாதத்தை நம்பி அமெரிக்கா கையைச் சுட்டுக்கொண்டது. அங்கே 1971-இல் ஓட்டு வயது 18 ஆனதும் பல மாநிலங்கள் மது வாங்கும் வயதையும் இறக்கின. இளைஞர்களின் கார் விபத்துச் சாவுகள் கூடின. வயதை இறக்காத மாநிலத்துப் பிள்ளைகளோ எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, அதே போதையில் வண்டி ஓட்டித் திரும்பினார்கள். 1984-இல் அதிபர் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: 21 வயது நிரம்பாதவருக்கு மது கிடைக்க விடும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு. நிதி என்றதும் 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. இளைஞர்களின் விபத்துச் சாவுகளும் குறைந்தன.

இங்கே மது வாங்கும் வயது தமிழ்நாட்டில் 21, புதுச்சேரியில் 18. கடலூர்ப் பையன்களின் பைக் சனிக்கிழமை மாலை எந்தப் பக்கம் திரும்பும் என்று நான் சொல்லவா வேண்டும்?

நம்பிக்கை: "பீர் எல்லாம் சரக்கே இல்லை."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 'ஸ்ட்ராங்' பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உண்டு. 650 மில்லி பாட்டிலில் அது 52 மில்லி. நம்மூர் பிராந்தியில் 42.8 சதவீதம், 90 மில்லி 'கட்டிங்' அடித்தால் உள்ளே போவது சுமார் 39 மில்லி. "கட்டிங் எல்லாம் தொடமாட்டேன், ஒரே ஒரு பீர்தான்" என்கிற தம்பி, கட்டிங் அடித்தவனைவிடக் கூடுதலாகக் குடித்திருக்கிறான்.

நம்பிக்கை: "ஐரோப்பாவில் சின்ன வயதிலேயே பழக்குவதால் அளவோடு குடிக்கிறார்கள்."

ஜெர்மனியில் 16 வயதில் பீர் வாங்கலாம், உண்மைதான். ஆனால் அளவு மீறிக் குடிக்கும் 15, 16 வயதுப் பிள்ளைகள் அமெரிக்காவைவிட ஐரோப்பிய நாடுகள் பலவற்றில்தான் அதிகம். பிரான்ஸே 2009-இல் வயதை 16-லிருந்து 18-க்கு உயர்த்திவிட்டது.

நம்பிக்கை: "21 ஆகிவிட்டால் ஆபத்தில்லை."

புற்றுநோய்க்கு வயது வரம்பு கிடையாது. மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988-இல். முடிவெடுப்பதற்கும் அடக்கிக்கொள்வதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி முதிர்வதற்கே ஏறத்தாழ 25 வயது ஆகிவிடுகிறது.

நம்பிக்கை: "சட்டம் இருந்து என்ன, வாங்குகிறவன் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறான்?"

இதில் பாதி உண்மை. டாஸ்மாக் விதியில் 21 இருக்கிறது. ஆனால் கம்பி இடுக்கில் பணத்தை நீட்டும் கைக்கு எத்தனை வயது என்று எந்த விற்பனையாளர் கேட்கிறார்? வயதை 18-க்கு இறக்கவும் வேண்டாம், டெல்லிபோல 25-க்கு ஏற்றவும் வேண்டாம். மீசை சரியாக முளைக்காத முகம் வந்து நின்றால், பாட்டிலை எடுக்கும் முன் ஆதார் அட்டையைக் கேளுங்கள்.