இருபத்தேழு மூச்சு

இப்பாடத்தைத் தொடங்குமுன் சிறு சோதனை ஒன்று செய்து பார்ப்போம். இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கமாக, வலக்கை விரல்கள் இரண்டை மெல்ல வைத்து நாடித்துடிப்பைக் கண்டுகொள்க. மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்றே விரைவதையும், நீள வெளிவிடுகையில் அது தளர்வதையும் உணரலாம். வயது ஏற ஏற இவ்வேறுபாடு குறைந்துகொண்டே வரும். எழுபதைக் கடந்த எம் கையில் அது எளிதில் புலப்படவில்லை. பேத்தியின் கையில் தெளிவாகத் தெரிந்தது. ஆதலால் வீட்டில் சிறுவர் இருப்பின் அவர்தம் கையைப் பிடித்துப் பார்ப்பதே நன்று.

இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமாக அமைவது வேகஸ் நரம்பு. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் இது 10-ஆவது. முகுளத்தில் தோன்றிக் கழுத்தின் இருபுறமும் இறங்கி, குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என நெடுந்தொலைவு செல்வது. இலத்தீன் மொழியில் அதன் பெயருக்கு ‘அலைந்து திரிவது’ என்பது பொருள். நம் செவிக்கு ‘வேகம்’ என்பது போல் ஒலித்தாலும், இதயத்தின் வேகத்தைத் தணிப்பதே அதன் பணி. இப்பெயர் மயக்கத்தால் தேர்வில் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்த மாணவர் எம் வகுப்பிலும் உண்டு.

இதயம் தனக்குத் தானே துடிக்கும் இயல்புடையது. கட்டுப்பாடின்றி விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வாக அமர்ந்திருக்கையில் அதனை 70 அளவுக்கு இறக்கி வைப்பது வேகஸ். மாற்று இதயம் பொருத்தப்பெற்றவர்க்கு அந்நரம்பு அறுபட்டிருப்பதால், ஓய்வின்போதும் 90, 100 எனத் துடிப்பது வழக்கம். இறக்கத்தில் இறங்கும் மாட்டுவண்டியின் கயிற்றை வண்டியோட்டி இழுத்துப் பிடிப்பதை ஒத்தது இது. மூச்சை உள்ளிழுக்கும்போது அப்பிடி நெகிழ்கிறது, வெளிவிடும்போது இறுகுகிறது. வெளிமூச்சு நீள நீளப் பிடியும் நீடிக்கும்.

வேகஸ் எவ்வாறு இதயத்தைத் தணிக்கின்றது என்பதை ஓட்டோ லோவி என்னும் அறிஞர் 1921-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். தூண்டப்பட்ட நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அதுவே துடிப்பைக் குறைக்கிறது. 1936-இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறிவு பெரிதுதான், ஆயினும் தவளைகளின் இதயங்களை எடுத்துப் பெற்ற அறிவு என்பதை மறைத்து எழுத எம் மனம் ஒப்பவில்லை.

இனி எம் கதைக்கு வருவோம். எம் கணவர் மறைந்த ஆண்டில் நள்ளிரவில் திடுமென விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், விடியும் வரை உறக்கம் இராது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர் அம்மையார், “இதயத்தில் பழுதில்லை, கவலைதான் காரணம்” என்றார். “நாள்தோறும் தியானம் ஏதேனும் செய்வதுண்டா?” என்றும் கேட்டார். காலையும் மாலையும் காயோத்சர்க்கம் உண்டு என்றோம், சற்றுப் பெருமையுடன். “எவ்வளவு நேரம்?” என்றார். விடை கூற இயலவில்லை. வீடு திரும்பிக் கடிகாரத்தை எதிரில் வைத்துப் பார்த்தோம். பஞ்ச நமஸ்காரம் ஒன்பது முறையும் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை! அடுப்பில் பால், வாசலில் பள்ளிப் பேருந்து என்று ஓடிய நாட்களின் பழக்கம், ஓய்வு பெற்ற பின்னும் நம்மை விடவில்லை.

மருமகளாய் வந்த புதிதில் எம் மாமியார் விரற்கணுக்களைத் தொட்டுக்காட்டிக் கற்பித்தது நினைவுக்கு வந்தது: ஒன்பது மந்திரம், இருபத்தேழு மூச்சு. ஆம், காயோத்சர்க்கத்துக்கு நம் முன்னோர் வைத்த அளவு மூச்சுக்கணக்கே. ஒரு மந்திரத்துக்கு மூன்று மூச்சு. முதல் அடியை மூச்சு உட்செல்லும்போதும் இரண்டாம் அடியை வெளிவரும்போதும் நினைத்தல். மூன்றாம், நான்காம் அடிகளுக்கு அடுத்த மூச்சு. ஐந்தாம் அடியை இரண்டாகப் பகுத்து மூன்றாம் மூச்சு. நாம் ஒன்பதை வைத்துக்கொண்டு இருபத்தேழைக் கைவிட்டிருந்தோம்.

உள்ளே நான்கு நொடி, வெளியே ஆறு நொடி எனக் கொண்டால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. இருபத்தேழு மூச்சுக்கு நாலரை நிமிடம். அஃதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. (நாம் சாதாரணமாக விடுவது 12 முதல் 20 வரை.) இத்தாலியில் பெர்னார்டி என்பவரும் குழுவினரும் 23 பேரைக் கொண்டு செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கிறித்தவர்தம் ஜெபமாலையை இலத்தீனில் ஓதும்போதும், பௌத்த மந்திரம் ஒன்றை ஓதும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைவதையும், இதயத்துடிப்பின் ஏற்றத்தாழ்வு அதனுடன் இயைந்து சீர்ப்படுவதையும் கண்டனர். நம் மந்திரத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எனினும் மூச்சு ஒன்றுதானே!

இதனால் காயோத்சர்க்கம் படபடப்புக்கு மருந்து என்று யாரும் கொள்ளலாகாது. அது உடற்பற்றை விடுதற்கு உரியது. நெல்லுக்காகப் பயிரிடுபவன் வைக்கோலையும் வீட்டுக்குக் கொண்டு வருகிறான், அவ்வளவே. மந்திரத்தில் மனம் செல்லாத பிள்ளைகள் வாய்மூடி ரீங்கரித்தாலும், மெல்லப் பாடினாலும் வெளிமூச்சு தானே நீளும். குளிர்ந்த நீரால் முகம் கழுவுதலும் துடிப்பைத் தணிக்கும். இதயநோய் உள்ளவர் பனிக்கட்டி போன்ற கடுங்குளிர் நீரைத் தவிர்க்க.

கழுத்தைப் பிசைந்து நரம்பைத் தூண்டலாம் என்று சிலர் கூறுவதை முதியோர் அறவே ஏற்கலாகாது. அங்குள்ள தமனியை அழுத்தினால் மயக்கமும் அதனினும் பெருந்தீங்கும் நேரலாம். அன்றியும் வேகஸின் செயல் அளவு மீறுதலும் நல்லதன்று. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நெடுநேரம் வெயிலில் நின்ற மாணவி முகம் வெளுத்துச் சாய்வதை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். நாடி தளர்ந்து, குருதி கால்களில் தங்கி, மூளைக்குச் செல்வது குறைவதால் வருவது அது. அப்போது தூக்கி நிறுத்தாமல், படுக்க வைத்துக் கால்களை உயர்த்துவதே முறை. மூச்சை அடக்கி வைத்தல் இப்பயிற்சியில் இல்லை. தலைசுற்றினால் இயல்பு மூச்சுக்குத் திரும்புக. நாடியைக் குறைக்கும் மாத்திரை உண்போரும், அடிக்கடி மயங்குவோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. மாத்திரையைத் தாமாக நிறுத்தற்க.

எமக்கு முதல் வாரம் பயன் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் மந்திரத்திலேயே மனம் சமையலறைக்குப் போய்விடும். மூன்றாம் வாரத்தில் நள்ளிரவு விழிப்பு குறைந்தது, முற்றும் நீங்கவில்லை. இப்போதும் சில இரவுகளில் வரும். விளக்கைப் போடாமல் எழுந்தமர்ந்து, சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்து முதல் மூச்சைத் தொடங்குவோம். சில நாள் இருபத்தேழு முடிவதற்குள் உறக்கம் வந்துவிடுகிறது; சில நாள் மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது.