எஞ்சின் விளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரும்

மோட்டார் வண்டியின் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கியவுடன், ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, அதில் வந்த எண்ணுக்கு நேரே எந்தச் சாமானின் பெயர் இருக்கிறதோ அதை வாங்கி மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்கிற அபிப்பிராயம் இக்காலத்தில் வெகுவாகப் பரவியிருக்கிறது; என்னுடைய பழைய பெட்ரோல் கார் எனக்குக் கற்பித்ததோ இதற்கு நேர் விரோதமானது.

அந்தக் காரில் பெட்ரோல் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. சைலன்ஸர் முனையைத் தொட்டால் விரலெல்லாம் கரி. ஸ்கேனர் காட்டிய எண் பி 0171, அதாவது காற்று மிகுதி, பெட்ரோல் போதவில்லை என்ற முறையீடு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதுவும் கறுத்திருந்தது. பெட்ரோல் போதாத எஞ்சினில் பிளக் வெளுத்திருக்க வேண்டுமேயன்றிக் கறுத்திருக்க நியாயமில்லை. “எங்கேயோ காத்து லீக் சார், த்ராட்டில் பாடியைக் கழுவிடலாம்” என்றார் மெக்கானிக். எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரியே. பிளக்கையும் பார்த்தவனுக்கு அது ஒப்பவில்லை.

எஞ்சினுக்குள் நடப்பதைக் கம்ப்யூட்டர் நேரில் காண்பதில்லை. சைலன்ஸர் குழாயில் பொருத்திய ஆக்ஸிஜன் சென்சார் என்னும் சாட்சி சொல்வதை நம்பியே அது பெட்ரோலை அளக்கிறது. போஷ் நிறுவனம் உருவாக்கி, 1976-இல் வால்வோ கார்களில் வந்த இக்கருவி, பிளாட்டினம் பூசிய ஸிர்கோனியாப் பீங்கானாலானது. அதன் ஒரு புறம் புகையும், மறுபுறம் வெளிக்காற்றும் படும்; இரண்டிலுமுள்ள பிராணவாயுவின் வித்தியாசத்துக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைவிடப் பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், குறைந்தால் 0.1. ஆரோக்கியமான சென்சார், எஞ்சின் சூடேறியபின், இவ்விரண்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். என் காரிலோ அது 0.1-ஐ ஒட்டியே கிடந்தது. அதை நம்பிய கம்ப்யூட்டர் பெட்ரோலை மேலும் மேலும் வார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதும் சென்சார்மேல் குற்றஞ்சாட்ட அவசரப்படலாகாது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயின் கேஸ்கெட்டில் சிறு ஓட்டை இருந்தால், அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, நல்ல சென்சாரும் இதே பொய்யைச் சொல்லும். குளிர்ந்த எஞ்சினை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து, ‘டிக் டிக்’கென்ற ஓசை வருகிறதா என்று கேட்டு, இணைப்புகளில் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பார்ப்பதே இதற்குப் பரீட்சை. அங்கே ஒன்றுமில்லை. ஏறக்குறைய 300 டிகிரி உஷ்ணம் வந்தாலன்றிச் சென்சார் வேலை செய்யாதாகையால், அதனுள் இருக்கும் ஹீட்டரையும் மல்டிமீட்டரால் அளந்தேன், பெரும்பாலும் வெள்ளை நிறமாக இருக்கும் இரு கம்பிகளுக்கிடையே சில ஓம்கள் காட்டிற்று, பழுதில்லை. கடைசியாக, ஓடும் எஞ்சினின் காற்றுக் குழாயில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சினேன். (சூடான குழாய்மேல் பட்டால் தீப்பிடிக்கும், ஜாக்கிரதை.) நல்ல சென்சாரானால் உடனே 0.8-க்குமேல் தாவியிருக்கும். இது அசையவேயில்லை. அதன் பின்னரே புதியது வாங்கச் சம்மதித்தேன். இன்னொன்று: புதிய வண்டிகள் பலவற்றில் வேறு வகைச் சென்சார் வருவதால், இந்த வோல்ட் கணக்கு அவற்றுக்குச் செல்லாது.

கழற்றுவதில்தான் பெரும்பாடு. துருப்பிடித்த மரையில் ஊடுருவும் எண்ணெயை முந்தின இரவே விட்டுவைத்து, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில், கம்பி நுழைய வெட்டு விட்ட சாக்கெட்டால் திருகுவது உத்தமம். சாதாரண ஸ்பானர் மூலைகளை மழுக்கிவிடும். புதியதன் மரையில் அது இறுகிப்போகாமல் தடுக்கும் பசை ஏற்கெனவே தடவியே வருவது வழக்கம். அதன் முனையில் மட்டும் எதுவும் படலாகாது. கனெக்டருக்குள் கிரீஸை அப்புவதும் ஆகாது. வேண்டிய வெளிக்காற்றைப் பல சென்சார்கள் கம்பிகளின் வழியாகவே சுவாசிக்கின்றன. பக்கத்தில் சிலிகான் பசை பூசி கேஸ்கெட் ஒட்டுகிறவர்களையும் தடுக்க வேண்டும். அதன் ஆவி பீங்கானுக்கு விஷம்.

மாற்றியவுடன் மைலேஜைக் கணக்கிடுவதில் பயனில்லை. பழைய பொய்யைக் கொண்டு கம்ப்யூட்டர் பழகிவைத்திருந்த பெட்ரோல் அளவுத் திருத்தங்களை அழித்து, கறுத்த பிளக்குகளைச் சுத்தம் செய்து, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாகச் சில தினங்கள் ஓட்டியபின், ஸ்கேனரில் அந்தத் திருத்தம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பதே முறை. என் காரில் அது அப்படியே நின்றது.