எண்ணெய்க் கிணற்றுக்கு எதற்குத் தண்ணீர்?

கேள்வி: கச்சா எண்ணெய் எடுக்கும் இடத்தில் தண்ணீரையும் நீராவியையும் பூமிக்குள் செலுத்துகிறார்களாமே, எண்ணெய் கெட்டுவிடாதா?
– வாசகர், முதலமடை

பதில்: கெடாது. எண்ணெய் பூமிக்கடியில் குளமாகத் தேங்கி நிற்பதில்லை; பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து, பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். அதனால் வேறு கிணறுகள் வழியே தண்ணீரை இறக்குகிறார்கள். அது அழுத்தத்தைக் காத்து, எண்ணெயை உற்பத்திக் கிணற்றை நோக்கித் தள்ளுகிறது. மேலே வந்ததும் இரண்டையும் பிரித்துவிடலாம்.

மும்பை ஹை கடல் எண்ணெய் வயலில் 1984 முதல் கடல்நீரைச் செலுத்துகிறார்கள். வடிகட்டி, குழாய் அரிக்காமலிருக்க ஆக்சிஜனை நீக்கிய பிறகே அது உள்ளே போகும்.

ராஜஸ்தானின் பார்மர் பக்கம், 2009-ல் உற்பத்தி தொடங்கிய மங்களா வயலின் எண்ணெயில் மெழுகு அதிகம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, சூடு குறைந்தால் இறுகிவிடும். எனவே அங்கே வெந்நீர்.

அதே மாநிலத்தின் பாகேவாலாவில் எண்ணெய் இன்னும் கெட்டி. ஆயில் இந்தியா நிறுவனம் அங்கே நீராவியைச் செலுத்தி, கிணற்றைச் சில நாள் மூடிவைத்து, இளகிய எண்ணெயை அதே கிணற்றிலிருந்து இறைக்கிறது.

தண்ணீரின் அருமை உங்கள் ஊருக்குத் தெரியும். எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரையே சுத்திகரித்துத் திரும்பச் செலுத்த முடியும். மங்களாவில் நிலத்தடி உவர்நீரைப் பயன்படுத்தினார்கள். குடிநீரிலும் பாசன நீரிலும் எண்ணெய்த் துறை கைவைக்கவே கூடாது.