இடைக்காலமும் இறைவனின் காலமே

தேர்வு எழுதி முடித்துவிட்டோம். முடிவு இன்னும் வரவில்லை. மேலே படிப்போமா, எந்த ஊரில் படிப்போம் என்பது தெரியவில்லை. தந்தைக்கு மாற்றல் வரும் என்கிறார்கள். இருக்கும் வீட்டைக் காலி செய்வதா வேண்டாமா என்று அம்மா தவிக்கிறார். வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கிறார். மருத்துவர் இன்னும் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நாட்கள் நம் ஒவ்வொருவர் வாழ்விலும் வருகின்றன. இக்கரையை விட்டாயிற்று, அக்கரை சேரவில்லை, நடு ஆற்றில் பரிசலில் இருக்கிறோம் என்ற நிலை அது.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? "எல்லாம் ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வேலையையும் ஜெபத்தையும் சேர்த்தே தள்ளி வைக்கிறோம். கடவுள் அக்கரையில் மட்டுமே நமக்காகக் காத்திருக்கிறார், நடு ஆற்றில் அவருக்கு வேலை இல்லை என்பதுபோல நடந்துகொள்கிறோம். இது சரிதானா? விவிலியத்திலிருந்து ஒரு கடிதத்தையும், புனிதை ஒருவரின் வாழ்வில் ஓராண்டையும் எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

எரேமியா எழுதிய கடிதம்

கி.மு. 597-இல் பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் எருசலேமைப் பிடித்து, அரசனையும் தலைவர்களையும் கைத்தொழில் வல்லவர்களையும் நாடு கடத்திச் சென்றான். அந்நிய மண்ணில் அவர்கள் மனம் ஒட்டவில்லை. எப்போது ஊர் திரும்புவோம் என்பதே அவர்களின் ஒரே கேள்வி. அதற்கேற்ப, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்பவன் எருசலேம் ஆலயத்தில் நின்று முழங்கினான். கேட்பதற்கு இனிப்பாக இருந்தது. ஆனால் உண்மையாக இல்லை.

இறைவாக்கினர் எரேமியா அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அது அவருடைய நூலின் 29-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எழுபது ஆண்டுகள் ஆகும் என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். ஆகவே அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போட்டு விளைவதை உண்ணவும், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைக்கவும் சொன்னார். அதைவிடப் பெரிய செய்தி, தாங்கள் சிறையிருக்கும் அந்த நகரத்தின் நலனுக்காகவே மன்றாடச் சொன்னார்!

கி.மு. 538-இல் பாரசீக மன்னன் சைரசு அவர்கள் ஊர் திரும்ப அனுமதி தந்தான். எரேமியாவின் கடிதத்தைக் கேட்ட முதியவர்கள் அந்த நாளைக் காணவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்கள் யார்? அந்த அந்நிய மண்ணில் அவர்கள் பெற்று, ஜெபம் சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அல்லவா! இரண்டு ஆண்டு என்று நம்பிக் கைகட்டி உட்கார்ந்திருந்தால் திரும்பி வர ஆளே இருந்திருக்காது.

வெனிசு நகரில் ஓராண்டு

இனி நமக்குச் சற்று அண்மைக் காலத்துக்கு வருவோம். 1869-ஆம் ஆண்டையொட்டி ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டில், டார்ஃபூர் பகுதியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏறத்தாழ எட்டு வயதில் அடிமை வியாபாரிகள் அவளைக் கடத்திச் சென்றார்கள். அச்சத்தால் தன் சொந்தப் பெயரையே அவள் மறந்துபோனாள். கடத்தியவர்கள் இட்ட பெயர்தான் பக்கீத்தா. அரபு மொழியில் அதற்கு 'பாக்கியவதி' என்று பொருள்! சந்தையில் பலமுறை விற்கப்பட்டாள். ஒரு வீட்டில் அவள் உடலைக் கத்தியால் கீறி, காயங்களில் உப்பைத் தேய்த்தார்கள். அந்தத் தழும்புகள் கடைசி வரை மறையவில்லை.

கடைசியில் ஓர் இத்தாலியத் தூதர் அவளை வாங்கினார். 1885-இல் அவருடன் இத்தாலி சென்றாள். அங்கே மிக்கியேலி என்ற குடும்பத்துக்கு அவள் கொடுக்கப்பட்டாள். அவர்களுடைய சிறுமகள் மிம்மினாவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சில ஆண்டுகளில் அக்குடும்பத்தினர் செங்கடற்கரையில் உள்ள சுவாக்கின் நகரில் ஒரு விடுதியை வாங்கினார்கள். அதைக் கவனிக்க வீட்டுத் தலைவியும் புறப்பட வேண்டியதாயிற்று. தாம் திரும்பி வரும்வரை மகளையும் பக்கீத்தாவையும் எங்கே விடுவது? அவர்களுடைய காரியங்களைப் பார்த்து வந்த இல்லுமினாத்தோ கெக்கீனி என்பவர் சொன்ன யோசனைப்படி, 1888-ஆம் ஆண்டின் இறுதியில் இருவரையும் வெனிசு நகரில் கனோசியன் கன்னியர் நடத்திய இல்லத்தில் விட்டார்கள். ஞானோபதேசம் கற்போருக்கான இல்லம் அது.

சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். அது அவளுக்காக யாரும் திட்டமிட்ட இடமன்று. பயணம் போகிறவர்கள் பெட்டியைத் தெரிந்தவர் வீட்டில் வைத்துப்போவதுபோல அவளை அங்கே வைத்துப்போனார்கள். எத்தனை மாதம் என்று அவளுக்குத் தெரியாது. தலைவி வந்து அழைத்தால் மறுநாளே கப்பல் ஏற வேண்டும்.

அந்த நாட்களை அவள் வீணாக்கவில்லை. மிம்மினாவை அன்போடு பார்த்துக்கொண்டாள். கூடவே, நெடுநாளாகத் தன் மனத்தில் இருந்த கேள்விக்கு விடை தேடினாள். சிறுமியாக இருந்தபோதே சூரியனையும் சந்திரனையும் விண்மீன்களையும் கண்டு, இவற்றுக்கெல்லாம் எஜமானர் யாராக இருக்கும் என்று வியந்தவள் அவள். கெக்கீனி முன்பே அவளுக்கு ஒரு வெள்ளிப் பாடுபட்ட சுரூபத்தைக் கொடுத்திருந்தார். அதில் இருப்பவர் யார் என்பதைக் கன்னியர் அவளுக்குப் பொறுமையாகக் கற்பித்தனர். எத்தனையோ எஜமானர்களிடம் அடிபட்டவள், தனக்காக அடிபட்ட எஜமானர் ஒருவரை அங்கே கண்டுகொண்டாள்.

மாதங்கள் கழிந்து தலைவி திரும்பி வந்து, "புறப்படு" என்றாள். பக்கீத்தா வர மறுத்தாள். மிம்மினாவைப் பிரிவது அவளுக்குப் பெரும் வேதனை. ஆயினும் தான் கண்டடைந்த இறைவனை விட்டுவர அவள் இசையவில்லை. வழக்கு அதிகாரிகளிடம் சென்றது. இத்தாலியச் சட்டத்தில் அடிமை முறைக்கு இடமில்லை, அவள் சுதந்திரமானவள் என்று 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பாயிற்று. 1890 சனவரி 9 அன்று திருமுழுக்குப் பெற்று, ஜோசபின் மார்கரெட் ஃபோர்த்துனாத்தா என்ற பெயர்களை ஏற்றாள். 'பாக்கியவதி' என்பதன் இலத்தீன் வடிவமே அந்தக் கடைசிப் பெயர். ஏளனம்போல் ஒட்டிய பெயர் இப்போது உண்மையாயிற்று.

1896-இல் கனோசியன் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902 முதல் ஸ்கியோ என்ற ஊரில் சமையல், தையல், பூவேலை, வாயில் காத்தல் ஆகிய பணிகளைச் செய்தார். பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தலையில் கை வைத்து அன்பு காட்டுவார். 1947 பிப்ரவரி 8 அன்று இறைவனடி சேர்ந்தார். 2000 அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். 2015 முதல் அவருடைய திருநாள், மனித வணிகத்துக்கு எதிரான உலக ஜெப நாளாகவும் இருந்து வருகிறது.

நாம் கற்கும் பாடம்

முதலாவது, தற்காலிகம் என்பது அற்பம் என்று பொருளல்ல. பக்கீத்தாவின் வாழ்வில் மிகப் பெரிய காரியம், அவர் "சில நாள் மட்டும்" இருக்கப் போன இடத்தில்தான் நடந்தது.

இரண்டாவது, நாளை எப்படியிருக்கும் என்று தெரியாவிட்டாலும் இன்றைய கடமை நமக்குத் தெரியும். பாபிலோனில் தோட்டம் போட மண் இருந்தது. வெனிசில் பார்த்துக்கொள்ள ஒரு குழந்தையும், கற்றுக்கொள்ள ஞானோபதேசமும் இருந்தன. நம் வீட்டிலும் படிப்பில் தடுமாறும் ஒரு தம்பி, தனித்திருக்கும் ஒரு பாட்டி, நெடுநாள் திறக்காத ஒரு விவிலியம் இருக்கக்கூடும்.

மூன்றாவது, பொறுமை வேறு. வாய்மூடி அநீதிக்கு உட்படுவது வேறு. பெண்பிள்ளைகளாகிய நாம் இதை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். காத்திருந்த நாட்களில் பக்கீத்தா பெற்ற அறிவும் விசுவாசமுமே, தீர்ப்பு நாளில் "வரமாட்டேன்" என்று சொல்லும் துணிவை அவருக்குத் தந்தன. நம் வாழ்விலும் நம்மைக் கேளாமல் பிறர் முடிவெடுக்கும் நாள் வரலாம். அன்று பேச வேண்டிய சொல்லை இன்றே, இந்த அமைதியான நாட்களிலேயே, படிப்பாலும் ஜெபத்தாலும் சேர்த்து வைக்க வேண்டும்.

காத்திருப்பவர் எல்லாருக்கும் ஓராண்டில் விடை கிடைத்துவிடாது. பாபிலோனில் தோட்டம் போட்டவர் பலர் அங்கேயே மறைந்தார்கள். ஆனால் அவர்கள் நட்டது வீண்போகவில்லை. பரிசல் எப்போது கரை சேரும் என்பதை ஆண்டவர் அறிவார். துடுப்பு நம் கையில் இருக்கிறது.

சிந்திக்க:

1. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் தள்ளி வைத்திருக்கும் நற்செயல் எது?

2. இந்த விடுமுறையில் யாருக்கு நாம் துணையாக இருக்க முடியும்?

3. நமக்குப் பிடிக்காத இடத்தின் நலனுக்காக என்றேனும் ஜெபித்திருக்கிறோமா?